டாஷ்போர்டில் ‘இன்றைய நிலை’ போதாது: வேலைகளின் போக்கைப் பதிந்து காட்டுவது எப்படி

திருநெல்வேலிப் பதிப்பு நாளிதழ்களில் அணைகளின் நீர்மட்டம் தவறாமல் வரும். பாபநாசம் அணையின் முழு உயரம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. ‘பாபநாசம் 95 அடி’ என்று மட்டும் ஒருநாள் படித்தால் அம்பாசமுத்திரத்து விவசாயிக்கு அது பாதிச் செய்திதான். ஜூலையில் ஏறிக்கொண்டிருக்கும் 95 அடி வேறு, மார்ச்சில் இறங்கிக்கொண்டிருக்கும் 95 அடி வேறு. நேற்று எவ்வளவு, வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு என்று சேர்த்துப் பார்த்தால்தான் நாற்று பாவலாமா என்று முடிவு செய்ய முடியும்.

வேலை நிலவரத்தை ஒரே திரையில் காட்டும் அலுவலக டாஷ்போர்டுகள் பெரும்பாலும் அந்தப் பாதிச் செய்தியோடு நின்றுவிடுகின்றன. பச்சை 22, மஞ்சள் 11, சிவப்பு 7 என்று மூன்று பெரிய எண்கள் பளிச்சென்று நிற்கும். அந்த ஏழு சிவப்பும் இந்த வாரம் சிவப்பானவையா, இரண்டு மாதமாகவே சிவப்பாகக் கிடப்பவையா என்று முதலாளி கேட்டால் பதில் இருக்காது. இது படம் வரையத் தெரியாததால் வரும் குறை இல்லை. போன வாரத்து நிலையை யாரும் எடுத்துவைக்கவில்லை, அவ்வளவுதான். ஸ்டேட்டஸ் கட்டத்தில் ‘மஞ்சள்’ என்பதை அழித்து ‘சிவப்பு’ என்று எழுதிய நொடியில் பழையது போய்விட்டது.

வேலை நிலவரத்தைப் பதிந்து காட்டும் பொறுப்புக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக, எக்செல் ஓரளவு தெரிந்தால் போதும் என்ற அளவில் வழிமுறையைச் சொல்கிறேன். ஒரு கற்பனை நிறுவனத்தை வைத்துக்கொள்வோம். பாளையங்கோட்டையில் அலுவலகம். பள்ளிக்கூடம், அரிசி ஆலை, கல்யாண மண்டபம் ஆகியவற்றின் மேற்கூரையில் சோலார் பொருத்தித் தரும் வேலை. வள்ளியூர், களக்காடு, அம்பாசமுத்திரம், சங்கரன்கோவில் என்று நெல்லையிலும் தென்காசியிலுமாக ஒரே சமயத்தில் நாற்பது இடங்களில் வேலை நடக்கிறது.

முதலில் நிறத்துக்கு விதி எழுதுங்கள்

எதைப் பதியப்போகிறோம் என்பது தெளிவாக இல்லாவிட்டால் ஒரு வருடம் பதிந்தாலும் குப்பைதான் சேரும். புதியவர்கள் பெரும்பாலும் ‘ஸ்டேட்டஸ்’ என்ற ஒரே நெடுவரிசையில் எல்லாவற்றையும் போட்டுவிடுகிறார்கள். ஒரு வேலைக்கு ‘நடக்கிறது’, இன்னொன்றுக்கு ‘தாமதம்’, மூன்றாவதற்கு ‘சரக்கு வரவில்லை’, நான்காவதற்கு ‘சிவப்பு’. இவை நான்கும் ஒரே கேள்விக்கான பதில்கள் இல்லை. மூன்றாகப் பிரித்துவிடுங்கள்.

கட்டம்: வேலை எந்தப் படியில் இருக்கிறது. தொடங்கவில்லை, நடக்கிறது, நிறுத்திவைப்பு, முடிந்தது, கைவிட்டது. இந்த ஐந்து போதும்.

நிறம்: சொன்ன தேதிக்கு முடியுமா. பச்சை, மஞ்சள், சிவப்பு.

காரணம்: ஒரே வரி. ‘இன்வெர்ட்டர் வரவில்லை’ என்பது போல.

நிறத்தை யாருடைய மனநிலையும் முடிவு செய்யக் கூடாது. எண்ணில் விதி வேண்டும். உதாரணத்துக்கு, முதலில் ஒப்புக்கொண்ட தேதியிலிருந்து 7 நாள் வரை தள்ளினால் பச்சை, 8 முதல் 21 நாள் வரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. உங்கள் தொழிலுக்கு வேறு எண் பொருந்தலாம். எந்த எண்ணானாலும் எல்லா வேலைக்கும் ஒரே விதியாக இருக்க வேண்டும், ஆண்டின் நடுவில் மாற்றக் கூடாது. மாற்றியே ஆக வேண்டும் என்றால் மாற்றிய தேதியில் வரைபடத்தில் ஒரு கோடு போட்டு எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் விதி தளர்ந்ததால் வந்த பச்சையை வேலை முன்னேறியதால் வந்த பச்சை என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள்.

விதி ஏன் அவ்வளவு முக்கியம் என்பது சைட் சூப்பர்வைசரிடம் நிலவரம் கேட்கும்போது தெரிந்துவிடும்.

“ஏ தம்பி, முக்கால்வாசி முடிஞ்சிட்டுல்லா. பச்சைன்னே போடு.”

“சரி அண்ணாச்சி. நெட் மீட்டர் வந்துட்டா?”

“அது வரும்லா.”

நெட் மீட்டர் என்பது சோலார் மின்சாரம் மின்வாரியத்துக்குப் போவதையும் அங்கிருந்து வருவதையும் கணக்கிடும் மீட்டர், அதுதான் கடைசிப் படி. அண்ணாச்சி பொய் சொல்லவில்லை. அவர் கண்ணுக்குக் கம்பி நின்றுவிட்டது, பலகை ஏறிவிட்டது, ஆகவே முக்கால்வாசி. அடுத்த வாரமும் முக்கால்வாசிதான் என்பார், அதற்கடுத்த வாரமும் அதேதான். ‘எத்தனை சதவீதம் முடிந்தது’ என்று வாயால் கேட்டு வாங்கும் எண் எல்லா ஊரிலும் இப்படித்தான் கடைசியில் போய் நின்றுகொள்ளும். அதற்குப் பதிலாக வேலையைப் படிகளாக உடைத்து, படிக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே வைத்துவிடுங்கள். இட ஆய்வு 5, தாங்கு சட்டம் 25, பலகை 25, இன்வெர்ட்டரும் ஒயரிங்கும் 20, மின்வாரிய ஆய்வு 15, நெட் மீட்டர் 10. ஒரு படி முழுதாக முடிந்தால் முழு மதிப்பு, முடியாவிட்டால் பூஜ்யம். பாதிக்குப் பாதி மதிப்பு என்ற பேரம் வேண்டாம். இப்படி வரும் 75 யாருடைய அபிப்பிராயமும் இல்லை, அதை வாராவாரம் வரைபடத்தில் ஏற்றலாம்.

ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண்

பெயரை நம்பாதீர்கள். ஒருவர் ‘அம்பாசமுத்திரம் பள்ளி’ என்று எழுதுவார், இன்னொருவர் ‘அம்பை ஸ்கூல்’ என்பார், மூன்றாமவர் ‘அம்பாசமுத்ரம்’ என்று தட்டுவார். நமக்கு ஒரே இடம், எக்செலுக்கு மூன்று வேலை. போக்குக் கோடு மூன்று துண்டாக உடைந்துபோகும். வேலை தொடங்கும் அன்றே அம்-012, வள்-007 என்று ஓர் எண் கொடுத்துவிடுங்கள். வேலை முடிந்தாலும் கைவிட்டாலும் அந்த எண்ணை வேறு வேலைக்குத் தரக் கூடாது. பெயர் அதன் பக்கத்தில் எப்படி வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும்.

இரண்டு ஷீட்: ‘இன்று’, ‘வரலாறு’

இதுதான் வேலையின் முதுகெலும்பு. மற்றதெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

‘இன்று’ ஷீட்டில் வேலைக்கு ஒரு வரிசை. சூப்பர்வைசர்கள் எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம், அழிக்கலாம். வாரத்துக்கு ஒருமுறை அந்த ஷீட்டின் எல்லா வரிசைகளையும் அப்படியே நகலெடுத்து ‘வரலாறு’ ஷீட்டின் கடைசியில் ஒட்டுவீர்கள், பதிவு தேதியோடு. ஒட்டும்போது பேஸ்ட் ஸ்பெஷலில் ‘வேல்யூஸ்’ தேர்ந்தெடுக்க வேண்டும். சாதாரணமாக ஒட்டினால் ஃபார்முலாவும் கூடவே வந்து, போன மாதத்துப் பதிவு இன்றைய கணக்கைக் காட்டத் தொடங்கிவிடும்.

‘வரலாறு’ ஷீட்டில் குறைந்தபட்சம் இவை இருக்கட்டும்: பதிவு தேதி, வேலை எண், கட்டம், நிறம், முடிந்த சதவீதம், முதலில் ஒப்புக்கொண்ட தேதி, இப்போது எதிர்பார்க்கும் தேதி, பொறுப்பாளர், காரணம். முதலில் ஒப்புக்கொண்ட தேதியை யாரும் தொடக் கூடாது. வாடிக்கையாளரே சம்மதித்துத் தேதியைத் தள்ளிக்கொடுத்தால் ‘திருத்திய ஒப்பந்த தேதி’ என்று தனி நெடுவரிசை போடுங்கள். பழைய தேதியின் மேலேயே எழுதினால் 30 நாள் தள்ளிய வேலை ஒரே இரவில் பச்சையாகிவிடும். அப்படி நடக்கும் இடங்களில் யாரும் வேண்டுமென்று ஏமாற்றுவதுகூட இல்லை. ஷீட் அதற்கு இடம் கொடுக்கிறது.

இவ்வளவு நகலெடுத்தால் கோப்பு பெருத்துவிடாதா என்று எல்லோரும் கேட்பார்கள். கணக்குப் போடுங்கள். 40 வேலை, 52 வாரம்: வருடத்துக்கு 2,080 வரிசை. எக்செலின் ஒரு ஷீட்டில் 10,48,576 வரிசை கொள்ளும். தினமும் பதிந்தால்கூட வருடத்துக்கு 14,600தான். இடத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்.

தினமும் பதியலாமே என்று தோன்றும். மேற்கூரை சோலார் போன்ற வேலைகளுக்குத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். நிலை அவ்வளவு வேகமாக மாறாது, தினப்பதிவில் பொருளில்லாத சின்ன ஏற்ற இறக்கங்கள்தான் கூடும். மென்பொருள் வேலை, புகார் தீர்க்கும் பிரிவு இவற்றுக்கு தினப்பதிவு பொருந்தும்.

எந்த நாள், எத்தனை மணி என்பதை ஒருமுறை முடிவு செய்து மாற்றாமல் வையுங்கள். வெள்ளி மாலை ஐந்து மணி என்று வைத்துக்கொள்வோம். அந்த வெள்ளி விடுமுறையாக அமைந்தால்? நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்கு மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம். அது வெள்ளியில் வந்தால் வியாழனே பதிந்துவிடலாம், ஆனால் பதிவு தேதியாக வெள்ளியைத்தான் போட வேண்டும். ஏன் என்பது பின்னால் தொடர் வாரக் கணக்கு வரும்போது புரியும்.

தேதியைத் தட்டும் விதத்திலும் ஒரு குழி உண்டு. 05/06 என்று எழுதினால் நமக்கு ஜூன் 5. கணினியின் மண்டல அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் அதற்கு மே 6. மாதம் எழுத்தில் தெரியும்படி ஃபார்மேட் வைத்துக்கொண்டால் தப்பு உடனே கண்ணில் படும்.

ஒரு வாரம் தவறினால்

வெற்றாகவே விடுங்கள். அதற்கு முந்தைய வாரத்தையே நகலெடுத்து நிரப்பினால் ‘எதுவும் மாறவில்லை’ என்று பொருளாகிவிடும். ‘பார்க்கவில்லை’ என்பதும் ‘மாறவில்லை’ என்பதும் ஒன்றில்லை. வரைபடத்திலும் அந்த இடைவெளி தெரியட்டும்.

பழைய பதிவில் தப்பு இருந்தது பின்னால் தெரியவந்தால்? எழுத்துப்பிழை என்றால் திருத்தலாம். நிறம் தப்பு என்றால் திருத்தாதீர்கள். அன்று நிறுவனத்துக்கு அது பச்சை என்றுதான் தெரிந்திருந்தது, அதுவும் ஒரு தகவல்தான். ‘பின்னால் தெரிந்தது’ என்று காரண நெடுவரிசையில் குறித்துவையுங்கள்.

இதுவரை எதையும் எடுத்துவைக்காதவர்கள் ஓரளவு மீட்க வழியுண்டு. கூகுள் ஷீட்ஸில் பழைய பதிப்புகளைத் திறந்து பார்க்கலாம். வேலைகளைக் கண்காணிக்கும் ஜிரா மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒவ்வொரு வேலைக்கும் எந்த நாளில் எந்த நிலை மாறியது என்ற வரலாறு உள்ளேயே இருக்கும். வாராந்திர மின்னஞ்சல் அறிக்கைகள், கூட்டக் குறிப்புகள், வாட்ஸ்அப்பில் போட்ட ஸ்கிரீன்ஷாட்டுகள் எல்லாம் உதவும். அப்படித் திரட்டிய வரிசைகளில் ‘மீட்டது’ என்று அடையாளம் போடுங்கள், நேரடிப் பதிவோடு கலந்துவிடக் கூடாது.

தானாகப் பதியச் செய்தல்

முதல் சில வாரம் கையால் செய்யுங்கள். எந்த வரிசை காலியாக வருகிறது, யார் எண்ணைத் தப்பாகத் தட்டுகிறார் என்பதெல்லாம் அப்போதுதான் பிடிபடும். அப்புறம் கூகுள் ஷீட்ஸ் என்றால் ஆப்ஸ் ஸ்கிரிப்டில் நேர ட்ரிக்கர், அதாவது குறித்த நேரத்தில் தானாக ஓடும் ஏற்பாடு, வைக்கலாம், மைக்ரோசாஃப்ட் பக்கம் என்றால் பவர் ஆட்டோமேட். ஆப்ஸ் ஸ்கிரிப்டில் வார ட்ரிக்கர் ‘ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில்’ என்ற அளவில்தான் ஓடும், ஐந்தடித்தவுடன் ஓடும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஸ்கிரிப்டின் நேர மண்டலம் இந்தியாவுக்கு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தானாக ஓடும் எதுவும் ஒருநாள் இரண்டுமுறை ஓடும். அன்று 40 வேலை 80 ஆகத் தெரியும். ஒட்டுவதற்கு முன் ‘இந்தத் தேதி வரலாற்றில் ஏற்கெனவே இருக்கிறதா’ என்று ஸ்கிரிப்ட் பார்த்து, இருந்தால் ஒட்டாமல் நிற்க வேண்டும். தேதியும் வேலை எண்ணும் சேர்ந்த ஜோடி ஒன்றுக்கு மேல் வரக் கூடாது என்பதே இதற்கான சோதனை.

மைக்ரோசாஃப்டின் டாஷ்போர்டுக் கருவியான பவர் பிஐ வைத்திருப்பவர்கள் ஒன்றில் அடிக்கடி ஏமாறுகிறார்கள். புரோ உரிமத்தில் ஒருநாளில் எட்டுமுறை வரை தானாகப் புதுப்பிக்கும்படி வைக்கலாம். அப்படி வைத்துவிட்டு ‘எட்டுமுறை எடுக்கிறதே, வரலாறு அதில் இருக்கும்’ என்று நினைப்பார்கள். வழக்கமான இம்போர்ட் முறையில் ஒவ்வொரு புதுப்பித்தலும் முன்பு எடுத்ததை நீக்கிவிட்டுப் புதிதாக எடுக்கும். மூல ஷீட்டில் வரலாறு இல்லையென்றால் பவர் பிஐயிலும் இல்லை. இன்னொன்று, இணையத்தில் ஓடும் பவர் பிஐ சேவையில் ‘இன்று’ என்பதைக் கணக்கிடும் ஃபங்ஷன் உலகப் பொது நேரத்தைப் பார்க்கும். நம் நேரத்தில் காலை 5.30 மணிக்கு முன் புதுப்பித்தால் அதற்கு இன்னும் நேற்றுதான்.

தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருப்பதால் ஜோஹோ நம் பக்கத்தில் பலருக்கும் பழக்கமான பெயர். அவர்களுடைய அனலிடிக்ஸில் கோப்பை ஏற்றும்போது, புதிய வரிசைகளைக் கடைசியில் சேர்ப்பதா, பழையதை நீக்கிவிட்டுச் சேர்ப்பதா, இருப்பதைப் புதுப்பிப்பதா என்று கேட்கும். வரலாற்றுக்கு முதலாவதுதான். இந்த ஒரு தேர்வைத் தப்பாகச் செய்தால் ஒரு நொடியில் மொத்த வரலாறும் போகும், ஆகவே மூலக் கோப்பின் நகலைத் தனியே வைத்திருங்கள்.

என்ன வரைவது

ஒரே ஒரு படம்தான் வைக்கலாம் என்றால் நான் வண்ணப் பட்டையைத்தான் சொல்வேன். இடப்பக்கம் வேலைகள், மேலே வாரங்கள், ஒவ்வொரு சதுரத்திலும் அந்த வாரத்து நிறம். எந்த வேலை எப்போது மஞ்சளானது, திரும்பி வந்ததா, அப்படியே சிவப்பில் உறைந்ததா என்பதைப் படிக்க யாருக்கும் பயிற்சி வேண்டாம்.

எக்செலில் பிவட் டேபிளால் செய்யலாம். ஒரு சிக்கல், பிவட்டின் மதிப்புப் பகுதியில் எழுத்து வராது, எண்தான் வரும். அதனால் வரலாற்றில் பச்சைக்கு 1, மஞ்சளுக்கு 2, சிவப்புக்கு 3 என்று குறியீட்டு நெடுவரிசை ஒன்று சேருங்கள். பிவட்டில் வரிசைக்கு வேலை எண், மேலே பதிவு தேதி, மதிப்புக்கு அந்தக் குறியீட்டின் ‘மேக்ஸ்’. ஒரு வேலைக்கு ஒரு தேதியில் ஒரே வரிசைதான் என்பதால் மேக்ஸ் என்றால் அதே எண். மொத்தக் கூட்டலை அணைத்துவிட்டு, கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் நிறம் கொடுத்தால் முடிந்தது. நிறத்தோடு ப, ம, சி என்று எழுத்தும் தெரியும்படி செய்வது நல்லது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள், குறிப்பாக ஆண்களில், நாம் நினைப்பதைவிட அதிகம். கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுக்கும் முதலாளிகளும் உண்டு.

அந்த 1, 2, 3 கையில் வந்ததும் சராசரி எடுக்கும் ஆசை வரும். வேண்டாம். ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு என்றால் சராசரி 2, அதாவது மஞ்சள். மஞ்சளாக ஒரு வேலைகூட இல்லாத இடத்தில் ‘நிறுவனம் மஞ்சள்’ என்று வரும். அந்த எண்கள் பெயர்ப்பலகைகள், அவற்றை எண்ணலாம், கூட்டிப் பங்கிடக் கூடாது.

இரண்டாவது படம், வாரத்துக்கு ஒரு நெடுங்கம்பம், உள்ளே மூன்று நிறங்களின் எண்ணிக்கை. இதை எண்ணிக்கையாகவும் சதவீதமாகவும் இரண்டு விதமாகவும் வைக்க வேண்டும். போன மாதம் 20 வேலையில் 5 சிவப்பு, 25 சதவீதம். இந்த மாதம் 35 வேலையில் 7 சிவப்பு, 20 சதவீதம். சதவீதத்தை மட்டும் காட்டினால் நிலைமை தேறியது போலத் தெரியும், சிக்கலில் இருக்கும் வாடிக்கையாளர்களோ இரண்டு பேர் கூடியிருக்கிறார்கள்.

இதே படத்தைக் கெடுக்கும் இன்னொரு விஷயம் முடிந்த வேலைகள். நடப்பு வேலை 20, அதில் சிவப்பு 8 என்றால் 40 சதவீதம். முடிந்துபோன 20 வேலைகளும் பச்சை உடுத்திக்கொண்டு பட்டியலிலேயே நின்றால் அதே 8 சிவப்பு 20 சதவீதமாகச் சுருங்கிவிடும். முடிந்த வாரத்தோடு அவற்றைக் கணக்கிலிருந்து வெளியே எடுங்கள், வரலாற்றிலிருந்து நீக்காதீர்கள். கைவிட்ட வேலைகளுக்கும் அதேதான். அவற்றின் வரிசைகளை ‘இனி எதற்கு’ என்று அழித்துவிட்டால் பழைய மாதங்கள் எல்லாம் நடந்ததைவிட அழகாகத் தெரியும்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: எதிர்பார்க்கும் தேதி எப்படி நகர்ந்தது என்பது. வள்ளியூர் அரிசி ஆலை வேலையை எடுத்துக்கொள்வோம். ஒப்புக்கொண்ட தேதி 2025 ஜூன் 20. ஐந்து வெள்ளிக்கிழமைப் பதிவுகள்:

மே 2: எதிர்பார்க்கும் தேதி ஜூன் 20, மீதி 49 நாள், பச்சை
மே 9: ஜூன் 20, மீதி 42 நாள், பச்சை
மே 16: ஜூன் 27, மீதி 42 நாள், பச்சை
மே 23: ஜூலை 4, மீதி 42 நாள், மஞ்சள்
மே 30: ஜூலை 11, மீதி 42 நாள், மஞ்சள்

நிறத்தை மட்டும் பார்த்தால் மே 23 வரை தொல்லை இல்லை, அப்புறமும் வெறும் மஞ்சள். ‘மீதி நாள்’ என்ற எண்ணைப் பாருங்கள், மே 9 முதல் 42இலேயே நிற்கிறது. ஒரு வாரம் போனால் மீதி ஏழு நாள் குறைய வேண்டும். குறையவில்லை என்றால் அந்த வாரம் வேலை நகரவே இல்லை என்று பொருள், சூப்பர்வைசர் என்ன சொன்னாலும் சரி. மே 16 அன்றே சந்தேகம் வந்திருக்கும், மே 23 அன்று நேரில் போய்ப் பார்த்திருக்கலாம். சிவப்பாகும்வரை காத்திருந்தால் ஜூன் ஆகிவிடும்.

இதை வரைய, கீழ் அச்சில் பதிவு தேதி, நிமிர் அச்சில் எதிர்பார்க்கும் தேதி. கோடு படுத்துக் கிடந்தால் நல்லது. மேலே சாய்ந்து ஏறினால் தள்ளுகிறது. கீழே இறங்கினால் முன்கூட்டியே முடியப்போகிறது, அல்லது யாரோ தப்பாகத் தட்டியிருக்கிறார்கள். பின்னதே அதிகம்.

சிவப்பில் எத்தனை வாரம்

வண்ணப் பட்டைக்குப் பக்கத்தில் ‘தொடர்ந்து சிவப்பு: 6 வாரம்’ என்று ஓர் எண் இருந்தால் கூட்டத்தில் பேச்சே மாறிவிடும். வரலாறு ஷீட்டில் ஒரு நெடுவரிசை போதும். இந்த வரிசையின் நிறம் சிவப்பு இல்லையென்றால் 0. சிவப்பு என்றால், அதே வேலை எண்ணுக்கு ஏழு நாள் முந்தைய பதிவு தேதியில் இந்த நெடுவரிசையில் என்ன எண் இருந்ததோ, அதோடு 1 கூட்டு. ‘சம்இஃப்எஸ்’ ஃபார்முலா இதைச் செய்துவிடும். வியாழனில் பதிந்தாலும் வெள்ளித் தேதியே போடச் சொன்னது இதற்காகத்தான். ஒரு வாரத்தில் தேதி ஒருநாள் பிசகினால் ஏழு நாள் முந்தைய பதிவு கிடைக்காமல் எண்ணிக்கை மறுபடி 1 என்று தொடங்கிவிடும். பதியாமல் விட்ட வாரத்துக்கு அடுத்தும் இதே நடக்கும், அங்கே மட்டும் கையால் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நிகழ்வுகளை வரைபடத்திலேயே எழுதுங்கள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த மழையை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. பதிவானது, தாமிரபரணி கரை கடந்தது. அந்த வாரத்து வெள்ளி, டிசம்பர் 22 அன்று இந்தப் பக்கத்தில் வேலை நிலவரம் பதிந்த யாருடைய ஷீட்டிலும் சிவப்பு கூடியிருக்கும். நமக்குக் காரணம் தெரியும். மூன்று வருடம் கழித்துச் சென்னையிலிருந்து வரும் புதிய மேலாளருக்குத் தெரியாது. ‘2023 டிசம்பரில் உங்கள் குழுவுக்கு என்ன ஆச்சு’ என்று கேட்பார். அதனால் தேதி, நிகழ்வு என்று இரண்டே நெடுவரிசை கொண்ட சிறு ஷீட் ஒன்று வைத்து, வரைபடத்தில் செங்குத்துக் கோடாகக் காட்டுங்கள். தேர்தல் நடத்தை விதி அமலானது, சப்ளையர் மாறியது, நிற விதியை மாற்றியது எல்லாம் அதில் வரும்.

பருவத்தையும் இதோடு சேர்த்து யோசிக்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, மேற்கூரையில் ஏற முடியாத நாட்கள் கூடும். வள்ளியூர், இராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகளில் கதை வேறு. அங்கே மே முதல் செப்டம்பர் வரைதான் காற்று சீசன், காற்று வலுத்தால் கிரேனால் உயரத்தில் பாகம் ஏற்ற முடியாது, பெரிய பராமரிப்பை சீசனுக்கு முன்பே முடிக்கப் பார்ப்பார்கள். ஆகவே நவம்பரை அக்டோபரோடு ஒப்பிட்டு ‘மஞ்சள் கூடிவிட்டது’ என்று பதறுவதைவிடப் போன நவம்பரோடு ஒப்பிடுவது நியாயம். அதற்குப் போன நவம்பர் கையில் இருக்க வேண்டும். பதிவை இந்த வாரமே தொடங்குங்கள் என்று நான் அவசரப்படுத்துவது இதனால்தான். படத்தை அடுத்த வருடம்கூட வரையலாம், போன வெள்ளிக்கிழமையைத் திரும்பிப் போய்ப் பதிய முடியாது.

கூட்டத்தில் காட்டும்போது

நாற்பது வேலையையும் வரிசையாக வாசிக்காதீர்கள். மாறியதை மட்டும் காட்டுங்கள்: இந்த வாரம் புதிதாகச் சிவப்பானவை, சிவப்பிலிருந்து வெளிவந்தவை, நான்கு வாரத்துக்கு மேல் நிறம் மாறாமல் சிவப்பில் இருப்பவை, மீதி நாள் குறையாதவை. பச்சையிலிருந்து மஞ்சளுக்கு வராமல் நேரே சிவப்புக்குத் தாவிய வேலை இருந்தால் அதைத் தனியாகக் கேளுங்கள். அதற்கு ஒரே வாரத்தில் குறைந்தது 15 நாள் தள்ளியிருக்க வேண்டும், அது அபூர்வம், பெரும்பாலும் முந்தைய வாரங்களின் பச்சையில்தான் கோளாறு இருக்கும்.

ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். சிவப்பு போட்டவரைக் கூட்டத்தில் வைத்துத் திட்டினால் அடுத்த வாரம் முதல் எல்லாம் பச்சைதான். அதற்குப் பின் உங்கள் வரலாறு ஷீட் வேலையின் போக்கைக் காட்டாது, மேலாளருக்குப் பயப்படும் போக்கைத்தான் காட்டும். ‘மஞ்சள் போட்ட வாரமே சொன்னீரே, நல்லது அண்ணாச்சி’ என்று ஒருமுறை எல்லோர் முன்னும் சொன்னால் அடுத்தடுத்த பதிவுகள் நேர்மையாக வரத் தொடங்கும்.

எத்தனை வாரத்தில் என்ன தெரியும்

முதல் பதிவில் எதுவும் தெரியாது. இரண்டாவதில் அம்புக்குறி போடலாம், ஆனால் இரண்டு புள்ளியை இணைத்த கோட்டைப் போக்கு என்று யாரிடமும் காட்டாதீர்கள். நான்கைந்து வாரத்தில் மீதி நாள் கணக்கு பேச ஆரம்பிக்கும், வள்ளியூர் உதாரணத்தில் பார்த்ததுபோல. வண்ணப் பட்டைக்கு ஏறத்தாழ மூன்று மாதம் வேண்டும். பருவ ஒப்பீட்டுக்கு ஒரு வருடம் முழுதாகத் தாண்ட வேண்டும். முதலாளி முதல் மாதமே அழகான படம் கேட்டால் வண்ணப் பட்டையை நான்கு வாரத்தோடு அப்படியே காட்டி, வலப்பக்கம் காலியாக இருக்கும் சதுரங்களையும் சேர்த்தே காட்டுங்கள். பவர் பிஐயோ வேறு கருவியோ வாங்குவது பற்றி மூன்று மாதம் கழித்துப் பேசிக்கொள்ளலாம். அதற்குள் வரலாறு ஷீட் ஒழுங்காகச் சேர்ந்திருந்தால் எந்தக் கருவியும் அதை அரைநாளில் எடுத்துக்கொள்ளும்.